புஞ்சை என்று கேட்டது

அன்று காலை குழியைச் சுற்றி நின்றவர்கள் இவர்கள்தான். அப்பா. நான். தண்ணீர் ஆபீஸிலிருந்து வந்த ஐயா. அவருடைய ஜீப் டிரைவர், மலாய்க்காரர். கொஞ்சம் தள்ளி எங்கள் பசு, அதன் பின்னால் கன்று. அம்மா இல்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். அன்று வியாழன்.

எனக்கு ஒன்பது வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாக இருக்கும், இல்லாவிட்டால் அதற்கு அடுத்த வருடம்.

அதற்கு முன் நாங்கள் பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். வாங்கியவர்கள் மரத்தை வாங்கினார்கள், ஆளை வாங்கவில்லை. லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு ஜெலாப்பாங்கில் ஒரு பேக்டரியில் வேலை கிடைத்தது. அங்கே பெரியம்மா வீட்டில் ஒரு ஆள் படுக்கத்தான் இடம் இருந்தது. அப்பாவுக்கு ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, கிடைத்தது. காக்க வேண்டியது ஒரு கிணறு.

ஈப்போவுக்கு வடக்கே ஒரு சுண்ணாம்புக் குன்று. அதன் அடியில் ஊற்று. ஊற்றைச் சுற்றி சிமெண்ட் வளையம் கட்டி, வாய்க்கு இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். அங்கிருந்து குழாய் பூமிக்குள் இறங்கி டவுனுக்குப் போனது. சுற்றிலும் லாலான் புல். புல்லைச் சுற்றி முள்கம்பி வேலி. கேட் பக்கத்தில் ஒரு பலகை வீடு. அந்த வேலிக்குள் இருந்த மனிதர்கள் அப்பாவும் நானும்.

வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது என்பது சட்டம். வந்திருக்கவும் மாட்டார்கள். பஸ் ரோட்டுக்கே ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். தமிழ்ப்பள்ளி அதற்கும் அப்பால். அந்த வருடம் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அடுத்த வருடமும் போகவில்லை. காலையில் அப்பா வேலியோரமாகச் சுற்றி வருவார். நான் பின்னால் போவேன். அவர் பேசமாட்டார். எனக்கும் பேச ஒன்றும் இருக்காது. சில நாள் மத்தியானம் குன்றுக்கு நேராக நின்று என் பேரைக் கத்துவேன். குன்று திருப்பிக் கூப்பிடும். இரண்டு மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு நிறுத்திவிடும்.

முதல் நாள் எங்களையும் மூட்டை முடிச்சையும் ஜீப்பில் கொண்டு வந்து இறக்கியவர் இதே டிரைவர்தான். கிணற்றைக் காட்டினார். பிறகு கையை ஒரு சுற்று சுற்றி எல்லாவற்றையும் காட்டினார்.

"இனி புஞ்சா ஆயெர். ஜாகா பாய்க்-பாய்க். ஓராங் ஜாங்ஙான் பாகி மாசுக்."

அப்பாவுக்குத் தெரிந்தது கடைத்தெரு மலாய். இனி என்றால் இது. ஆயெர் என்றால் தண்ணீர். ஜாகா பாய்க்-பாய்க் என்றால் நல்லபடி பார்த்துக்கொள். கடைசியில் சொன்னது, ஆட்களை உள்ளே விடாதே. இவ்வளவும் அவருக்குத் தெரியும். நடுவில் இருந்த புஞ்சா மட்டும் தெரியாது. ஆனால் அதைத் தமிழில் அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஜீப் போன பிறகு அப்பா நிலத்தைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார்.

"பாப்பா, கேட்டியா? இது புஞ்சையாம்."

"புஞ்சைன்னா?"

"மானம் பாத்து வெளையிற நெலம். கடல போடலாம், சோளம் போடலாம். தண்ணியும் இருக்குன்னு சொல்றாரு. மலாய்க்காரங்களும் அதே பேருதான் வச்சிருக்காங்க, பாரு."

"யாரு நெலம்?"

"நல்லா பாத்துக்கன்னு நம்மகிட்டதானே சொல்லிட்டுப் போறாரு."

அப்பாவின் அப்பா கப்பலில் வந்தவர். அவர் விட்டுவிட்டு வந்தது அரை ஏக்கர் புஞ்சை என்று சொல்வார்கள். அப்பா அதைப் பார்த்ததில்லை. நாற்பது வயது வரை அடுத்தவன் மரத்தைத்தான் சீவியிருந்தார். இப்போது புஞ்சை கிடைத்தது. வேலி, கேட், பூட்டு எல்லாம் சேர்த்துக் கிடைத்தது. ஆளை உள்ளே விடாதே என்று வேறு சொல்லியிருந்தார்கள். எந்தச் சொந்தக்காரனும் அதைத்தானே செய்வான்.

ஒரு வாரத்தில் லாலானைப் பிடுங்கிக் கடலை போட்டார். கத்தரி, வெண்டி, மரவள்ளி. பிறகு என்னைப் பெரியம்மா வீட்டில் இரண்டு ராத்திரி விட்டுவிட்டு, தோட்டத்தில் ஒருவரிடம் விட்டு வந்திருந்த சினைப்பசுவை நடத்தியே ஓட்டி வந்தார். அடுத்த மாதம் அது கன்று போட்டது. எனக்குப் பேச ஆள் வந்தது.

அப்பா ஒரு நாள் வேலியோரம் நின்று சொன்னார்: "ஒரு வெள்ளாம ஒழுங்கா எடுத்துட்டா, பாலும் இருக்கு, ஒங்கம்மாவ வேலைக்குப் போக வேணாம்னு சொல்லிறலாம்." அந்த வருடம் அவர் என்னிடம் பேசிய பெரிய பேச்சு அதுதான். அதற்கப்புறம் கடலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் நான் இரண்டு தரம் ஊற்றுவேன்.

அம்மா நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாத்தியைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"கவர்மெண்டு எடத்துல வெள்ளாமையா? யாரு குடுத்தா ஒங்களுக்கு?"

"சொன்னாங்க."

"எழுதிக் குடுத்தாங்களா?"

"வாயால சொன்னாங்க."

"எந்த வாயி?"

அப்பா கத்தரிக்காய் பறித்துப் பையில் போட்டார். அம்மா அதை ஜெலாப்பாங்குக்குக் கொண்டு போனாள். பெரியம்மா காய் ருசியாக இருந்தது என்று சொல்லி அனுப்பினாள். அதோடு அம்மா வாயும் அடங்கியது.

காய் ருசியாக இருந்ததற்குக் காரணம் எரு. கிணற்றிலிருந்து ஓர் இருநூறு எட்டில், பாறை ஓரமாக, தானாகவே ஒரு குழி இருந்தது. ஆள் உயரம். அப்பா அதை எருக்குழி ஆக்கினார். சாணியெல்லாம் அதில்தான். மழை எவ்வளவு பெய்தாலும் அந்தக் குழியில் தண்ணீர் நிற்காது. குபுகுபுவென்று உள்ளே போய்விடும். அப்பாவுக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். வெட்டி எடுத்தால்கூட இப்படி ஒரு குழி அமையாது என்பார்.

அசுத்தம் பண்ணக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். கக்கூஸை வேலிக்கு வெளியே கட்டினார். ராத்திரி மழையிலும் என்னை அங்கேதான் கூட்டிப் போவார். வேலிக்குள் துப்பக்கூட விடமாட்டார். வெள்ளிக்கிழமை தோறும் கிணற்றைச் சுற்றிச் சாணி கரைத்துத் தெளித்து, சூடம் கொளுத்திக் கும்பிடுவார். நல்லபடி பார்த்துக்கொள் என்று சொன்னதை அப்படித்தான் செய்தார்.

அந்த வியாழக்கிழமை ஜீப் வந்தது. இறங்கிய ஐயா யாழ்ப்பாணத்து ஆள். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, கையில் ஒரு தகரப்பெட்டி. நேராகக் கிணற்றுக்குப் போகப் பார்த்தவர், பசுவைக் கண்டு நின்றுவிட்டார்.

"இதென்ன?"

"பசுங்கய்யா."

"பசு எண்டு தெரியுது. இஞ்ச ஏன் நிக்குது?"

அப்பாவுக்குக் கேள்வி புரியவில்லை. பசு வேறு எங்கே நிற்கும்?

ஐயா பாத்தியைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மூன்று வாரமாக இந்தத் தண்ணீர் சோதனையில் கெட்டுப்போய் வருகிறது, காரணம் தெரியவில்லை என்றார். ஆர் உங்களை இஞ்ச தோட்டம் போடச் சொன்னது என்று கேட்டார்.

அப்பா டிரைவரைக் காட்டினார். "இவருதாங்கய்யா. இது புஞ்சைன்னு சொன்னாரு."

டிரைவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்தது. "யாலா, புஞ்சா," என்று தலையாட்டினார்.

"பாத்தீங்களாய்யா. புஞ்சை."

"புஞ்சா, புஞ்சா!"

"அதத்தான் நானும் சொல்றேன். புஞ்சை!"

இரண்டு பேரும் ஒரே வார்த்தையை ஒருவருக்கொருவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டார்கள். சண்டையா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கன்று மிரண்டு பசுவுக்குப் பின்னால் போனது. ஐயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. டிரைவரிடம் மலாயில் சொன்னார். டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அலாமா!"

அப்பாவும் கூடச் சிரித்தார். எதற்கென்று தெரியாமல்.

பிறகு ஐயா சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்: "புஞ்சா எண்டால் மலாயில மூலம். தண்ணி பிறக்கிற இடம். ஊற்றுக்கண். அவர் சொன்னது அது. புஞ்சை நிலம் இல்லை."

அப்பா முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எடுக்க மறந்துவிட்டார்.

"அப்ப இது புஞ்சை இல்லீங்களாய்யா?"

"இல்லை."

அப்பா பாத்தியைப் பார்த்தார். கடலை பூத்திருந்தது. "சாணி அசிங்கம் இல்லீங்களேய்யா," என்றார். "சாணி தெளிச்சுத்தானே வாசல சுத்தம் பண்றோம். கெணத்துக்கும் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம தெளிச்சிடுவேங்க."

"கிணத்துக்குமோ?" என்று ஐயா மெதுவாகக் கேட்டார். பிறகு குழிக்குப் போனார். மழைத்தண்ணீர் இதில் நிற்குமா என்று கேட்டார். நிற்காது என்றார் அப்பா. எங்கே போகுது என்று கேட்டார். பூமிக்குள்ளதானுங்கய்யா என்றார் அப்பா.

"பூமிக்குள்ள எங்கை எண்டு பாப்பம்."

தகரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே செங்கல் நிறத்தில் ஒரு பொடி. குழிக்குள் கொட்டி, அப்பாவை ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னார். பொடி தண்ணீர் பட்டதும் பச்சையானது. அப்படி ஒரு பச்சையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கிளி அதற்குப் பக்கத்தில் வர முடியாது. அது சாணிக்குள் இறங்கிக் காணாமல் போனது.

அவர் சொன்னதை அப்பா இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். இந்தப் பச்சை கிணற்றில் வந்தால் குழியும் கிணறும் ஒன்று. பசுவும் தோட்டமும் போக வேண்டும். வராவிட்டால் கோளாறு வேறு எங்கோ. மேலிடத்தில் கேட்டுப் பார்க்கலாம், கிணற்றை விட்டுத் தள்ளி ஒரு மூலையில் வைத்துக்கொள்ள விடலாம். ஐயா கீழே போய் டவுனுக்குப் போகும் வால்வை மூட வேண்டும், வேறு இரண்டு இடம் பார்க்க வேண்டும். நாலு மணிக்கு வருவார். அதுவரை அப்பா குழியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நான் கிணற்றைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"பிள்ளைக்குக் கண் நல்லாத் தெரியும்தானே?"

"தெரியும்," என்றேன்.

ஜீப்பில் ஏறப்போனவரிடம் அப்பா கேட்டார்: "இந்தத் தண்ணி எங்கெல்லாம் போகுதுங்கய்யா?"

"டவுனில ஒரு பக்கம். பிறகு ஜெலாப்பாங் வரைக்கும்."

"ஜெலாப்பாங்கா?"

"ஓம். ஜெலாப்பாங்."

நான் கிணற்று மேல் குப்புறப் படுத்துக் கம்பி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் மணல் கொப்பளித்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பாறைக்கு அந்தப் பக்கம் அப்பா வாளி ஊற்றும் சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பச்சை வந்தால் பசு போகும். பசு போனால் அம்மா வரமாட்டாள்.

வராதே, வராதே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வெயில் உச்சியைத் தாண்டிய பிறகு வந்தது. முதலில் ஒரு நூல் மாதிரி. கண்ணை மூடித் திறந்தேன். நூல் கயிறானது. பிறகு கிணறு முழுவதும் பச்சை. அழகாகத்தான் இருந்தது.

"என்னா பாப்பா, வந்திச்சா?" அப்பா பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

"வரல."

என் சத்தத்தைக் குன்று வாங்கித் திருப்பிச் சொன்னது. வரல, வரல.

வீட்டுக்கு ஓடி ஒரு கோணிச்சாக்கை எடுத்து வந்து கம்பி மேல் விரித்து அதன் மேல் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். மறுபடியும் வரல என்றேன். மூன்றாவது தரம் கேட்கவில்லை. அவரே வந்தார், வாளியோடு.

"எந்திரி."

எழுந்தேன். சாக்கைத் தூக்கினார். பார்த்தார். பச்சை வெளிச்சம் அவர் கழுத்தில் ஆடியது. திட்டுவார் என்று நின்றேன். அடிப்பார் என்றும் நினைத்தேன். சாக்கை நாலாக மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

"பாத்தியா?"

"பாக்கல."

"சரி."

வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். தண்ணீர் ஊற்றப் போகவில்லை. இரண்டு பேரும் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நேரம் போகப் போக அது வெளுத்தது. மறுபடியும் கயிறானது, நூலானது. நாலு மணிக்கு முன்னாலேயே தண்ணீர் பழையபடி ஆகிவிட்டது. அடி மணல் தெரிந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாவும் என் கட்சி என்று நினைத்தேன்.

ஜீப் வந்தது. ஐயா குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. என்னிடம் கேட்டார்: "பிள்ளை, பச்சை வந்ததோ?"

"வரல."

"கொஞ்சம் கூட?"

"வரல."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா பாத்திப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா ஒரு நோட்டில் எழுதினார். பெட்டியை எடுத்துக்கொண்டார். டிரைவர் ஜீப்பை ஸ்டார்ட் பண்ணினார். அப்பா கேட்டைத் திறந்துவிடப் போனார். திறந்தார். ஜீப் நகர்ந்தது. அப்பா அதன் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"ஐயா, வந்துச்சிங்க."

"என்ன?"

"பச்ச. நல்ல பச்ச. கெணறு நெறைய வந்துச்சிங்க. புள்ள தூங்கிடுச்சு, பாக்கல. நான் பாத்தேன்."

நான் தூங்கவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

ஐயா கீழே இறங்கினார். அப்பாவின் வேலைக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பசு நாளைக்கே போக வேண்டும். குழியில் இருக்கும் சாணியை அள்ளி வேலிக்கு வெளியே போட வேண்டும். "சாணி மட்டும் போதும். மண்ணை விடுங்கோ," என்றார். டிரைவர் அப்பாவின் தோளைத் தட்டினார்.

மறுநாள் ஒரு பால்காரர் வந்து பசுவையும் கன்றையும் ஓட்டிப் போனார். கன்று கேட் அருகில் நின்று திரும்பிப் பார்த்தது என்று சொல்ல ஆசைதான். பார்க்கவில்லை. தாய்க்குப் பின்னால் போய்விட்டது.

அப்பா அன்றே குழியில் இறங்கினார். மண்வெட்டியால் அள்ளிச் சாக்கில் கட்டி, தோளில் வைத்துக் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் கொண்டு போய் இறக்கினார். சாயந்தரத்தில் ஒரு சீனத் தோட்டக்காரர் லாரியில் வந்து எடுத்துப் போவார். நான் அப்பாவோடு பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. எங்களுக்குள் எப்போதும் பேச்சுக் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். ரோட்டோரம் மூட்டைகள், வெறும் தொழுவம், குழிக்குள் அப்பாவின் தலை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா காட்டிக்கொடுத்துவிட்டார் என்று சொன்னேன். அம்மா என்னை விட்டுவிட்டுக் குழிக்குப் போனாள்.

"என்னங்க இது?"

அப்பா நெற்றியைத் துடைத்தார். "ஜெலாப்பாங்குக்குப் போற தண்ணி இதுதானாம்."

"எது?"

"இந்தா, இதுக்கடியில போறது."

அம்மா கொஞ்ச நேரம் குழியைப் பார்த்தாள். "அதானே பாத்தேன்," என்றாள். "கொஞ்ச நாளா கொழாயில ஒங்க வாட அடிச்சிச்சு."

அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அவ்வளவு சிரித்து நான் அவர்களைப் பார்த்ததில்லை. எனக்குக் கோபமாக வந்தது. பசு போய்விட்டது, புஞ்சை போய்விட்டது, இவர்களுக்கு என்ன சிரிப்பு?

அம்மா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு சாக்கு வாயைப் பிடித்தாள். அப்பா அள்ளிப் போட்டார். சாணி முடிந்து மண் வந்தது. மண்ணையும் அள்ளினார்கள். வெள்ளைப் பாறை தெரிந்தது. அப்பா அதைக் கையால் வழித்தார். பிறகு பாத்திக்கு வந்து, எரு போட்ட மண்ணையெல்லாம் செடியோடு சேர்த்து வெட்ட ஆரம்பித்தார்.

ஐந்து மணி பஸ்ஸுக்கு அம்மா கிளம்பினாள். கேட் வரைக்கும் கூடப் போனேன்.

"மூட்ட எல்லாம் முடிஞ்சா நீ வந்துருவியாம்மா?"

அம்மா கை கழுவியும் சாணி வாடை போகவில்லை. அந்தக் கையால் என் தலையைத் தடவினாள்.

"எத்தன மூட்டன்னு எண்ணிக்கிட்டு இரு," என்றாள். "அடுத்த வாரம் கேப்பேன்."

அதை நான் ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன். கேட் கம்பத்தில் ஏறி உட்கார்ந்து எண்ணினேன். ரோட்டில் கிடந்தவை, லாரியில் போனவை, அப்பா தோளில் வந்தவை, ஒன்றையும் விடவில்லை. சீக்கிரம் முடியட்டும் என்று செவ்வாய்க்கிழமை நானும் பாத்தியில் இறங்கி அள்ளினேன். புதன்கிழமை மத்தியானம் முடிந்தது.

தொண்ணூற்று நான்கு.